பின் சீட்டுப் பேச்சு

கண்ணாடிக் கடையில் அவளுக்கு மௌனம் மேடம் என்று பெயர். பதினான்கு வருடங்களாகக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். முன்பக்கத்திலிருந்து ஒரு தட்டில் ஃபிரேமும் இரண்டு லென்ஸும் ஒரு சீட்டும் வரும். ஃபிரேமின் அளவுக்கு லென்ஸை வெட்டி, ஓரம் தேய்த்து, தண்ணீரில் அலசி, பொருத்தி, துணியால் துடைத்து அதே தட்டில் திருப்பி அனுப்புவாள். இதில் பேச என்ன இருக்கிறது? பேசினாலும் இயந்திரச் சத்தத்தில் யார் காதில் விழப்போகிறது?

வீட்டில் மூன்று அறை, ஏழு பேர். மாமியார், கொழுந்தன், ஓரகத்தி, அவர்களுடைய பிள்ளைகள் இரண்டு, பிறகு அவளும் அவள் கணவனும். யாராவது விருந்தாளி வந்தால் மாமியார் சொல்வார், மூத்த மருமகள் வாயைத் திறந்து நான் பார்த்ததெல்லாம் கொட்டாவி விடும்போதுதான் என்று. விருந்தாளிகள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், வாயை மூடியபடியே.

உண்மையில் அவளுக்குப் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. மூன்று அறைகளில் எந்த அறையில் நின்று எதைச் சொன்னாலும் மற்ற ஆறு பேருக்கும் அது பொதுச் சொத்தாகிவிடும். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. அதனால் சேர்த்து வைத்தாள். கல்யாணமாகி மூன்றாவது வருடம் கணவன் ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கினான். முதல் நாள் இருவரும் அதில் கிளம்பினார்கள். முதல் சிக்னலில் வண்டி நின்றபோது அவள் பேசத் தொடங்கினாள். நாற்பது நிமிடம் நிறுத்தவில்லை. மூன்று வருடமாகத் தான் யாருடன் குடித்தனம் நடத்தினோம் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

அதிலிருந்து அந்தக் கார்தான் அவர்களுடைய நான்காவது அறை. சமையலறைக்கு மஞ்சள் வண்ணம் அடிப்பது, கொழுந்தனின் பெண்ணைப் பள்ளி மாற்றுவது, துணி துவைக்கும் இயந்திரம் வாங்குவது எல்லாம் காருக்குள் அவள் சொன்னவை. பிறகு கணவன் வீட்டுக்குள் போய்த் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் என்ன நினைக்கிறேன்னா" என்று ஆரம்பிப்பான். யோசனை அவளுடையது, குரல் அவனுடையது. பன்னிரண்டு வருடம் இந்த ஏற்பாடு ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

போன வருடம், தெருவில் ரிவர்ஸில் வந்த ஒரு தண்ணீர் லாரி காரின் முகத்தில் ஏறியது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, வண்டியைச் சரிசெய்கிற செலவில் இன்னொரு வண்டி வாங்கி அதற்கு ஒரு டிரைவரையும் வைத்துக்கொள்ளலாம் என்றார். கணவன் லிஃப்ட் மெக்கானிக். நீயே பார்க்கக் கூடாதா என்று கேட்டவர்களிடம், "எனக்கு மேல கீழ போறதுதான் தெரியும், முன்ன பின்ன போறது தெரியாது" என்று சொல்லிவிட்டான். காரைத் தள்ளிக்கொண்டுபோய் வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் நிறுத்தினார்கள். முன் சீட்டுகள் நசுங்கியிருந்தாலும் பின் சீட்டு ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. அவர்களுக்கு அது போதும். வேலை முடிந்து வந்ததும் இருவரும் பின் சீட்டில் ஏறிக் கறுப்பு ஃபிலிம் ஒட்டிய ஜன்னல்களை ஏற்றிவிட்டு அரைமணி நேரம் உட்காருவார்கள். 'பெரியம்மா கார்ல இருக்காங்க' என்றால் 'பெரியம்மா குளிக்கறாங்க' என்பதற்குச் சமம். பிள்ளைகள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள்.

இரண்டு மாதங்களுக்கு முன் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. நான்கு கால் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தினமும் ஐம்பது அடியாவது நடக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டு வாசலில் ஐந்து படி. படி இல்லாமல் தெருவுக்குப் போகிற ஒரே வழி அந்தச் சந்து. அதை அடைத்துக்கொண்டு கார் நிற்கிறது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று கொழுந்தன் சொன்னபோது யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை. அவளும் தலையாட்டினாள்.

அதே வாரம் கடை முதலாளி அவளைக் கூப்பிட்டார். ஊரின் மறுகோடியில் இரண்டாவது கடை திறக்கிறார். அதை அவள் பொறுப்பேற்று நடத்தவேண்டும், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். போவதென்றால் காலை ஏழு மணிக்கே கிளம்பவேண்டும். வீட்டில் காலை வேலையில் பாதி ஓரகத்தியின் தலையில் விழும். மாமியாரை நடக்கவைப்பதும் அதில் சேர்த்தி. நான்கு நாளாக அவர்கள் காருக்குள் இதையேதான் பேசினார்கள். வழக்கம்போலத் தானே வீட்டில் சொல்லிவிடுவதாகக் கணவன் சொன்னான். அவள் பிடி கொடுக்கவில்லை. கார் போன பிறகு வாயைத் திறக்க ஓர் இடமும் இருக்காது. எங்கே பேசப்போகிறோம் என்ற அந்தக் கவலையில் புதுக் கடையைப் பற்றிக்கூட அவளால் நேராக நினைக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை பழைய இரும்புக் கடைக்காரர் வந்தார். காரைச் சுற்றி நடந்து, விரல் முட்டியால் அங்கங்கே தட்டிப் பார்த்து, நல்ல வண்டிதான், ஆனால் இதில் இப்போது ஓடுவது கரப்பான்பூச்சி மட்டும்தான் என்றார். காகிதங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் லாரி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு மணி நேரத்துக்காக இருவரும் கடைசியாகக் காரில் ஏறினார்கள்.

அவள் எடுத்த எடுப்பிலேயே வேகம் பிடித்துவிட்டாள். பதினான்கு வருடம் பின்னறையில் உட்கார்ந்ததைச் சொன்னாள். தான் பொருத்திய கண்ணாடியைப் போட்டுக்கொண்டவர்களில் ஒருவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை என்றாள். புதுக் கடையில் முன்னால் நிற்கலாம், போட்டுப் பார்க்கிறவர்களின் முகம் மாறுவதைப் பார்க்கலாம். வெளியே ஏதோ வண்டி வந்து நின்றது. அவள் கவனிக்கவில்லை. அண்ணனும் அண்ணியும் கடைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்த கொழுந்தன், லாரி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதில் சந்தோஷப்பட்டு, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டான். காரின் பின்பக்கத்தில் சங்கிலி மாட்டுகிற சத்தம் கேட்டது. வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது. பிறகு சாய்ந்தது. அவள் ஒரு கையை முன் சீட்டில் ஊன்றிக்கொண்டு பேசினாள்.

"யார் என்ன சொன்னாலும் சரிங்க, எனக்கு அந்தக் கடை வேணும்" என்றாள். சொல்லி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். தெருமுனைத் தையல் கடையின் பெயர்ப்பலகை அவள் கண்ணுக்கு நேராக வந்துபோனது. அது எப்போதும் தலைக்கு மேல் இருக்கும்.

"என்னங்க, நாம எங்க போறோம்?"

"எடை போட."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"சங்கிலி மாட்டும்போதே."

"சொல்ல வேண்டியதுதானே?"

"இத்தனை வருஷத்துல நீ 'எனக்கு வேணும்'னு ஒண்ணைக் கேட்டதே இல்லை. இப்ப அது வாய் வரைக்கும் வந்துடுச்சு. நடுவுல புகுந்து லாரி, கீரின்னு சொல்லச் சொல்றியா?"

பின் கதவுகள் உள்ளிருந்து திறக்காது. எப்போதும் ஜன்னலை இறக்கி வெளியே கையை விட்டுத்தான் திறப்பார்கள். ஓடுகிற லாரி மேல் திறந்துதான் என்ன செய்வது? இருவரும் ஒழுங்காக உட்கார்ந்தே போனார்கள்.

எடை மேடையில் காரை இறக்கியதும் கடைக்காரருக்கு ஆச்சரியம். நினைத்ததைவிட எடை கூட வந்திருந்தது. அந்தக் காலத்து வண்டியில் எவ்வளவு இரும்பு பார் என்று தன் ஆளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஜன்னல் இறங்கி உள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. அவர் இரண்டடி பின்னால் போய் நின்றார். இருவரும் இறங்கினார்கள். சமாளித்துக்கொண்டு, உங்கள் எடையைச் சொன்னால் கழித்துவிடலாம் என்றார். கணவன் தன்னுடையதைச் சொன்னான். அவள் அடுக்கி வைத்திருந்த டயர்களை ஆழ்ந்து பார்க்கத் தொடங்கினாள். கடைக்காரர் அனுபவஸ்தர். "பரவாயில்லைங்க, வெறும் வண்டியை இன்னொரு தடவை போட்டுக்கறேன்" என்றார். வந்த வித்தியாசத்தை வாய்விட்டுப் படிக்கவும் இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தால், சந்து அகலமாகக் கிடந்தது. கார் நின்ற இடத்தில் மாமியார் நடைச்சட்டத்தைத் தூக்கி வைத்து நடந்துகொண்டிருந்தார். ஓரகத்தி பக்கத்தில் கையை நீட்டியபடி கூடவே போனாள். கொழுந்தன் ஓடிவந்தான். இரும்புக் கடைக்காரர் போன் செய்திருக்கிறார் போல.

"ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா அண்ணி?" என்று பரிதாபமாகக் கேட்டான்.

கணவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமினான். "அம்மா, நான் என்ன நினைக்கிறேன்னா" என்று ஆரம்பித்தான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். சந்தின் நடுவில் வந்து நின்றாள். தலைக்கு மேல் கூரை இல்லை, ஏற்றிவிட ஜன்னலும் இல்லை. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடுகிறவளுக்குக்கூடக் கேட்கும்.

"அத்தை, புதுக் கடையைப் பார்த்துக்கச் சொல்லிக் கேட்டிருக்காங்க. காலையில ஏழு மணிக்குக் கிளம்பணும். எனக்குப் போகணும்." குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குத்தான் வந்தது.

மாமியார் இன்னும் ஓரடி வைத்தார். "சத்தமா சொல்லும்மா. நாலு நாளா கார்ல சொன்னப்ப நல்லா கேட்டுச்சே."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவனுக்கும் இது செய்திதான்.

"என் கட்டிலுக்கு மேல ஜன்னல். ஜன்னலுக்கு வெளிய உங்க வண்டி" என்றார் மாமியார். "படுத்த படுக்கையா கிடக்கறவ காதை எங்க கொண்டுபோய் வைப்பேன்?"

"எல்லாமேவா அத்தை?"

"என் குறட்டையைப் பத்திச் சொன்னது உட்பட."

ஓரகத்தி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பதை இன்னொரு நாள்தான் விசாரிக்கவேண்டும்.

"அந்த மஞ்சள் பெயிண்ட்டும் இவன் யோசனை இல்லைன்னு அப்பவே எனக்குத் தெரியும்" என்று மகனைக் கண்ணால் காட்டினார் மாமியார். "இவனுக்கு மஞ்சளுக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. சரி, கடைக்குப் போ. வேண்டாம்னு யாரு சொன்னா? ஆனா காலையில என்னை நடக்க வைக்கறது யாரு, அதைச் சொல்லு."

"ஆறு மணிக்கு நானே நடக்க வச்சுட்டுப் போறேன்."

"ஆறு மணிக்கு எனக்குக் காலே இருக்காது."

"அப்ப ஆறரை. அதுக்கு மேல முடியாது அத்தை, நான் பஸ்ஸைப் பிடிக்கணும்."

"ஆறே முக்கால்."

"ஆறே முக்கால்னா ஐம்பது அடி நடக்க முடியாது, முப்பதுதான் முடியும். மீதி இருபதை அவ பார்த்துக்கணும்" என்று ஓரகத்தியைக் காட்டினாள். குரல் தானாகவே ஏறியிருந்தது. மீதி இருபதுக்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை சமையல் முழுக்க அக்காவுடையது என்றாள் ஓரகத்தி. ஞாயிறு மதியம் மட்டும் என்றாள் அவள். எதிர்வீட்டுக்காரி துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

கணவன் இரண்டு தடவை வாயைத் திறந்து பார்த்தான். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. அவன் உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து, மாமியாரும் மருமகள்களும் பேசி முடிக்க நேரமாகும் என்று, தன் அம்மாவுக்குப் பின்னால் போட்டான்.