குளிரில் கலைந்த நூல்கள்

இதை எழுதப் பல வருடங்கள் தயங்கினேன். லண்டனில் ஓர் ஆய்வுகூடத்தில் துப்புரவு வேலை செய்தேன். மனைவியை அடக்கம் செய்து ஒரு மாதம். எதுவும் உறைக்காத காலம். வேக்கியூம் மெஷினைச் செருக, நுணுக்குக்காட்டியில் கலங்களைச் சூடாக வைத்திருக்கும் பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டேன். முறைப்பாடு போனால் வேலை போய்விடும். பயம்கூட வரவில்லை.

எப்போதும் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே திரையைப் பார்க்கும் மலேசியத் தமிழ்ப் பெண் ஆய்வாளர் அன்றும் பார்த்தார். உயிருள்ள கலத்துக்குள், அதாவது செல்லுக்குள், அதைத் தாங்கி நிற்கும், ஒளிரும் புரதத்தால் பச்சையாகத் தெரியும் நூல்களைக் காணவில்லை.

"செத்துப் போச்சுதோ, தங்கச்சி?"

"இல்லண்ணே, குளிர்ல கலைஞ்சிடுச்சு. சூடு வந்தா தானா கட்டிக்கும். உட்காருங்க."

அவர் பிளக்கைத் திரும்பச் செருகினார். கொஞ்ச நேரத்தில் திரையில் நூல்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. "மாதாவே" என்றேன்; கண்ணீர் வரவில்லை. அவர் யாரிடமும் முறையிடவில்லை. நான் வீடு போய், ஒரு மாதமாய் அணைந்திருந்த ஹீட்டரைப் போட்டேன்.

யாருக்காவது சொன்னால், அற்புதம் என்று கூட்டாமல் இப்படியே சொல்லுங்கள்.