வெறும் களி

என் கணவரின் நினைவை அழித்தவள் நான். நோய் அழித்தது என்று ஊர் சொல்லும், நீங்கள் நம்பாதீர்கள்.

அரூரில் மஞ்சள் மண்டி வைத்திருந்தவர். மண்டிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் 'வாங்க, போங்க'. எனக்கு மட்டும் 'ஏ கழுதை'! மணமான நாள் முதல் அதுதான் என் பெயர்.

பிறகு மறதி வந்தது. சேலத்து மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்: மூளையில் நினைவைக் கடத்தும் பொருள் ஒன்று உண்டு; அதைச் சிதைக்கும் நொதியை இந்த மாத்திரை அடக்கிவைக்கும். நோய் தீராது, கொஞ்ச காலம் தள்ளிப்போகும்.

மாத்திரையைத் துப்பிவிடுவார். களியை நாம் மெல்லுவதில்லையே, விழுங்குவதுதானே... உருண்டைக்குள் வைத்து ஊட்டினேன்.

மாத்திரை கேட்டது! மகளின் பெயர் வந்தது. மண்டி ஞாபகம் வந்தது. கூடவே அந்த நாக்கும் வந்தது! "ஏ கழுதை, இது கொழம்பா? மாடுகூட மோந்து பாக்காது!"

ஒருமுறை மாத்திரை தீர்ந்துபோய், வாங்காமலே சில வாரம் ஓடிவிட்டது. திடீரென்று, "நீங்க சாப்ட்டீங்களா?" என்றார். என்னை! அந்த ஒரு 'ங்க'வுக்கு நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன், தெரியுமா உங்களுக்கு?

அன்றிலிருந்து வெறும் களிதான்.

"உங்க வூட்டுக்காரரு இப்பத்தாங்க்கா மனுசராட்டம் இருக்காரு" என்றாள் பக்கத்து வீட்டு நசீமா. பூரித்துப்போனேன்! மருத்துவர் கேட்டபோது, "தவறாம குடுக்கறேங்க சார்" என்றேன். கூசவில்லை.

ஓசூரிலிருந்து மகள் வந்தாள். "யாருங்க இந்தப் பொண்ணு?" என்றார்.

"மாத்திரை கேக்கவே இல்லியாம்மா?" என்று அழுதாள்.

"நோவு அப்படி, கண்ணு."

நோவா... நானா?

மறுநாளே மாத்திரையைத் திரும்ப வைத்தேன். போனது போனதுதான்.

இப்போது களியை நீட்டினால் வாயை இறுக்கிக்கொள்கிறார். வாசலையே பார்க்கிறார். "எங்க வூட்டுக்காரி வரட்டுங்க. அவ குடுத்தாத்தான் எனக்கு எறங்கும்."

"நாந்தாங்க அவ!"

உற்றுப் பார்க்கிறார். "நீங்க இல்லீங்க. கழுதைன்னு ஒரு சத்தம் போட்டா ஓடியாந்துருவா அவ."

"அப்படியே என்னைக் கூப்பிடுங்க... ஒரேயொரு தடவை!" கெஞ்சுகிறேன், கையில் உருண்டையோடு.

கூச்சத்தோடு கும்பிடுகிறார்.

"உங்களப் போயி அப்படிச் சொல்லலாமுங்களா?"