கோட்டை வாசலில் கண்ணாடி அக்கா

வலது காதை மதிலில் ஒட்டி வைத்துக் கண்களை மூடிக்கொண்டு நிற்கிறார். மூடுபனி முழங்கால் வரை ஏறியிருக்கிறது. அதற்குக் கீழே அவருக்குப் பாதங்கள் இருப்பதாகவே தெரியவில்லை. சற்று நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, என் பக்கம் திரும்பி, "நல்லாத் தூங்குது. சத்தம் போடாதீங்க" என்கிறார். மதிலைத்தான் சொல்கிறார்.

இந்த மலையூரின் தலைமேல் நிற்கும் பழைய கோட்டைக்கு அவர்தான் காவலர். வயது ஐம்பத்திரண்டு. தொல்லியல் துறை கொடுத்த சாம்பல் நிறக் கோட்டு, கணுக்கால் வரை ரப்பர் பூட்ஸ், கழுத்தில் சாவிக்கொத்து. கோட்டையை யார் கட்டியது என்று கேட்டால், "போர்டுல போட்டிருக்கு, படிச்சுக்கோங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். எந்தக் கல்லில் எப்போது முதல் வெயில் விழும் என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரத்துக்கு விடமாட்டார்.

ஊரார் வைத்த பெயர் கண்ணாடி அக்கா. அவர் மூக்குக்கண்ணாடி போடுவதில்லை. வாசல் வளைவில் ஏழு விரிசல்கள் உண்டு. பதினோரு வருடங்களுக்கு முன் வந்த ஒரு பொறியாளர், ஒவ்வொரு விரிசலுக்கும் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டினார். மதில் அசைந்தால் கண்ணாடி உடையும். தினமும் ஒரு பார்வை பாருங்கள், ஒரு வருடம் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். இவர் மட்டும் தினமும் ஏணியில் ஏறி ஏழையும் பார்க்கிறார்.

ஒன்பது மணிவாக்கில் பனி எழும். முதலில் பாதி இடிந்த காவல் கோபுரம் மட்டும் வெறும் வெளியில் மிதக்கும். பிறகு அடிமரம் இல்லாத மரங்கள். அப்புறம் எங்கோ ஆழத்தில், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன தட்டு மாதிரி ஏரி. கோட்டைக்குள் இருக்கும் கல்தொட்டியில் வானம் இறங்கிப் படுத்திருக்கும். தொட்டால் கலைந்துவிடுமோ என்று நானே பலமுறை கையை இழுத்துக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் "அப்படியே கனவு மாதிரி இருக்கு" என்பார்கள். அக்காவிடம் அதற்கு ஒரே பதில்தான். "கனவுல கால் வழுக்காது. இங்க வழுக்கும். பார்த்துப் போங்க."

போன மழையில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. எட்டு நாள் விடாத மழை. ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, வானம் கழுவிவிட்டது போல் வெளுத்தது. ஏணியில் ஏறிப் பார்த்தவர், வளைவின் உச்சிக்கல்லை அடுத்து இருந்த கண்ணாடிகள் இரண்டும் உடைந்திருக்கக் கண்டார். இறங்கி வந்து கேட்டைச் சாத்தினார். முக்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அதிகாரிக்குப் போன் போட்டார். "கண்ணாடி உடைஞ்சதுக்கா ஞாயித்துக்கிழமை மூடுவீங்க? ஏதாவது பறவை கொத்தியிருக்கும். திறந்து விடுங்கம்மா."

"ஒண்ணில்ல சார், ரெண்டு. ரெண்டும் ஒரே பக்கமா விரிஞ்சிருக்கு."

"உத்தரவு இல்லாம மூடினா நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன் சார்."

பத்து மணிக்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. இரண்டு மணி நேரம் மலைப்பாதையில் குலுங்கி வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கு ஒன்றாய்ப் பேசினார்கள். அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவருடைய மகள் வந்தாள். கூடவே, அவள் கட்டிக்கொள்ளப் போகிறவனின் அம்மா. சமவெளிக்காரர், முதல்முறையாகச் சம்பந்தியைப் பார்க்க வருகிறார். புதுச் செருப்பு, கையில் கனமான பை. ஒரு மாதமாகப் போனில், "வாங்க சம்பந்தி, மேல நின்னு பாருங்க, உலகமே காலடியில கிடக்கும்" என்று ஆசை காட்டியதும் இதே அக்காதான்.

"அம்மா, இவங்களுக்கு மட்டும். ரெண்டே நிமிஷம்" என்றாள் மகள்.

அக்கா எழுந்து நின்று, "வேத்து மனுஷங்களையே உள்ள விடல. சம்பந்தியை எப்படி விடுவேன்?" என்றார்.

சொன்ன மனசு வேறு. காதில் விழுந்தது வேறு. வந்தவரின் முகம் சுண்டிவிட்டது. "நாம வேத்து மனுஷங்களை விடக் கீழன்னு ஆயிடுச்சு, பார்த்தியாம்மா" என்று மகளிடம் சொல்லிவிட்டு, பையைக்கூடக் கொடுக்காமல் திரும்பி வண்டியில் ஏறிக்கொண்டார். மகள் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். பதினாறு நாள் பேச்சு வார்த்தை இல்லை.

மதில் விழவில்லை. திங்கள் போனது, செவ்வாய் போனது, கல் அப்படியேதான் இருந்தது. கடைத்தெருவில், "என்னக்கா, உங்க மதில் இன்னும் எழுந்திரிக்கலையா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். துறையிலிருந்து விளக்கம் கேட்டு ஓலையும் வந்துவிட்டது.

"உண்மையைச் சொல்லட்டுமா?" என்று பின்னொரு நாள் என்னிடம் கேட்டார். பார்வை ஏரியில் இருந்தது. "புதன்கிழமை சாயங்காலம் நானே அதுகிட்ட சொன்னேன், விழுந்து தொலையேன்னு. என் பொண்ணு வாழ்க்கையே நிக்குது, ஒரு கல்லாவது விழக்கூடாதான்னு. சொல்லிட்டு அழுதுட்டேன். பதினோரு வருஷம் பார்த்துக்கிட்டதைப் போய் விழுன்னு சொல்லலாமா?"

வியாழனன்று வேறொரு பொறியாளர் வந்தார், இளம்பெண். ஏணியில் ஏறி அளந்தவர், இறங்கியதும் முதலில் செய்த காரியம், கேட்டுக்கு வெளியே நின்றவர்களை இன்னும் இருபது அடி பின்னால் தள்ளியதுதான். உச்சிக்கல் இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. அன்றே இரும்புத் தூண்கள் முட்டுக்கொடுத்தன. மூன்று மாதம் வேலை நடந்தது.

"அந்த ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்தால் விழுந்திருக்குமா?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? விழாமலும் இருந்திருக்கும்." பெருமை பேசும் சந்தர்ப்பத்தை மனிதர் இப்படியா கைநழுவ விடுவார்!

பதினேழாம் நாள் மகள் மலையேறி வந்தாள். வளைவுக்கடியில் நின்ற தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அந்தப் பெண் பொறியாளரிடம் தனியாக ஏதோ கேட்டாள். பிறகு அம்மாவின் முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் தலை சாய்த்துக்கொண்டாள். அன்று மாலையே எதிர்கால மாமியாருக்குப் போன் போட்டு, தன் அம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு அர்த்தம் சொன்னாள்.

வேலை முடிந்து வளைவைத் திறந்த வாரம் நான் அங்கே இருந்தேன். பனி விலகாத காலை. பேருந்தில் தனியாக வந்து இறங்கிய அந்த அம்மாள், படிகளில் மூச்சு வாங்க ஏறி, வாசலில் நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இப்பவாவது உள்ள விடுவீங்களா, சம்பந்தி?"

"வாங்க" என்றார் அக்கா.

சேர்ந்து நடந்தார்கள். வளைவு இருபது அடி உயரம். யானை மேல் உட்கார்ந்து போனாலும் இடிக்காது. நிழலுக்குள் கால் வைத்ததும், தாழ்ந்த நிலைவாசலில் குழந்தையை அழைத்துப் போகிறவர் போல, அக்காவின் வலது கை தானாக உயர்ந்தது. சம்பந்தியின் தலைக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையை விரித்துப் பிடித்தபடியே, வெளிச்சம் வரும் வரை கூட நடந்தார்.