பதில் வராத பத்து நிமிடம்

காலையில் தேவதை, மதியம் அரக்கி, மாலையில் மறுபடி தேவதை. ஆள் ஒருத்திதான், அவள் மாறவே இல்லை. யார்?

குழந்தைகள் பக்கம் தயாரிக்கும் நாங்கள் விடுகதைக்கு விடையை அடுத்த வாரம்தான் தருவோம். இதற்கு இப்போதே தருகிறேன்: என்மேல் பிரியமுள்ள யாராகவும் இருக்கலாம். மாறுவது என் பார்வை. எனக்கு இருப்பது பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு. ஒருவர் விட்டுப் போய்விடுவாரோ என்று பயம் வந்தால், அவர் போவதற்கு முன் நாமே துரத்திவிடுவோம். உங்களில் சிலருக்கும் இந்த அவசரம் பழக்கமாக இருக்கும்.

மே மாதத்தில் ஒருநாள், என் பதினொரு வயது மகள் மகிழினி பக்கத்து வீட்டிலிருந்து பத்து நிமிடம் தாமதமாக வந்தாள். "நீயும் போயிரு" என்று அவள் துணிகளைப் பையில் திணித்து வாசலில் வைத்தேன். என் அக்கா வந்து பவானியில் இருக்கும் தன் வீட்டுக்கு அவளை அழைத்துப் போனாள். பள்ளி திறந்தால் எங்கே இருப்பது என்பதை மகிழினியே சொல்லட்டும் என்று விட்டோம்.

இல்லாத ஆறு

அந்த வாரம் 'ஆறு வித்தியாசம் கண்டுபிடி' பகுதிக்கு ஒரே படத்தை இரண்டு முறை அனுப்பிவிட்டேன். அச்சாகியும் விட்டது. குழந்தைகள் ஆறையும் கண்டுபிடித்து எழுதியிருந்தார்கள். ஒரு சிறுமி, 'இரண்டாவது குருவி சோகமாக இருக்கிறது' என்று ஏழாவதையும் சேர்த்திருந்தாள்.

பக்கம் வடிவமைக்கும் சிவகாமி அக்கா யாரிடமோ போனில் சிரித்தார். என்னைப் பற்றித்தான் என்று முடிவுகட்டி, ராஜினாமா எழுதி நீட்டினேன். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"இந்த வருசத்துல இது அஞ்சாவதுங்க அம்மணி. மூணாவதுதான் நல்லா எழுதியிருந்தீங்க."

இரண்டாவதாக வைக்க வேண்டியது

பீளமேட்டில் என் மருத்துவரின் அறைச் சன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் உண்டு. பேசப் பேச அதன் நிழல் மேசைமேல் நகரும். சில நாள் நானே அந்த நிழலில் கரைந்து, என் குரல் வேறெங்கிருந்தோ வருவது போலிருக்கும். அதுவும் இந்த நோயில் உண்டு என்று அவர் சொன்ன பிறகு பயம் குறைந்தது. இது திமிர் இல்லை, நடிப்பு இல்லை. பேசிப் பழகி, மெல்ல மெல்லத் தேறலாம்.

சிவகாமி அக்கா என் செய்திக்குப் பத்து நிமிடமாகப் பதில் போடவில்லை என்று ஒருமுறை மருத்துவரிடம் அழுதேன்.

"சாப்பிடப் போயிருக்காங்கன்னு முதல்ல நெனைங்க. வெறுத்துட்டாங்கங்கறதை ரெண்டாவதா வெச்சுக்குங்க."

எட்டு வரி

சிங்காநல்லூர் ஏரிக்கரையில் ஒரு சாயங்காலம். தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறம். கொக்குகள் எதில் நிற்கின்றன என்றே தெரியவில்லை. இப்படிப்பட்ட அம்மாவோ அப்பாவோ உள்ள குழந்தைகளுக்காக அங்கே எட்டு வரி எழுதினேன். 'அவர்களின் கோபம் உன் தப்பால் வந்தது அல்ல. நீ பயந்தால், அதை வேறொரு பெரியவரிடம் சொல்லலாம். சொல்வது கோள் அல்ல.'

என் பெயரோடு அடுத்த இதழில் போடலாம் என்று சிவகாமி அக்காவிடம் கொடுத்தேன். அவர் பக்கத்தில் இடம் ஒதுக்கினார். அப்புறம் கையை நிறுத்தினார்.

"ஊர்க் குழந்தைக படிக்கறது இருக்கட்டுங்க. பாப்பா படிச்சுதுங்களா?"

பவானி

ஞாயிற்றுக்கிழமை என் அக்கா வீட்டில், ஜமக்காளத்தில் குப்புறப் படுத்து மகிழினி அந்த எட்டு வரியை இரண்டு முறை படித்தாள்.

"நான் தண்ணி குடிக்கப் போனாக்கூட, போயிட்டேன்னு நெனப்பீங்களாம்மா?"

"நெனப்பேன் கண்ணு. டம்ளர் சத்தம் கேட்டாச் சரியாயிரும்."

"பையை வாசல்ல வெச்சீங்களே, அது?"

"அது நான் செஞ்ச தப்பு. நோவு இருந்தாலும் தப்புத்தான்."

எழுந்து போனாள். அடுப்படியில் டம்ளரை வேண்டுமென்றே பலமாக வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"எட்டாவது வரி பெருசா இருக்குது. சின்னப் பசங்களுக்குப் புரியாது."

இருபது வருடமாகக் குழந்தைகளுக்கு எழுதுகிறவள், வெட்டிக் கொடுத்தேன்.

பவானியிலேயே பள்ளிக்குப் போவதாகவும், சனி ஞாயிறு என்னிடம் வருவதாகவும் மகிழினி தேர்ந்தெடுத்தாள்.