இரண்டு கட்டு உயரம்

அந்த வக்கீல் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் மார்ஜின். இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விடாதவனை அவர் மனுஷனாகவே மதிப்பதில்லை. தட்டச்சு செய்யத் தொடங்கி முப்பத்தொரு வருஷம். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தும், கைக்கு அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை. அடுத்த பக்கம் போக வேண்டுமென்றால், பக்கம் நிரம்பும்வரை என்டரைத் தட்டிக்கொண்டே இருப்பார். ஆள் குள்ளம். நாற்காலியில் பிரிக்காத இரண்டு காகிதக் கட்டுகளைப் போட்டு, அதன்மேல்தான் ஆட்சி.

அன்று மணி மூன்றரை. பெஞ்சில் ஒரு தையல்காரர். ஐந்துக்குள் அவருடைய மேல்முறையீடு நீதிமன்றத்தில் சேராவிட்டால், நாளைக்குக் கடையைப் பூட்டிவிடுவார்கள். நாற்பத்திரண்டு பக்கமும் தயார். பிரிண்டர்தான் விளக்கை மினுக்கிக் காகிதம் கேட்டது.

"வெச்சுத்தானே இருக்கு! கண்ணு அவிஞ்சு போச்சா?"

மார்ஜின் தாளை உருவி, ஊதி, தட்டி, திரும்ப வைத்தார். மறுபடி கேட்டது.

"என்னாச்சு?" உள்ளேயிருந்து வக்கீலம்மா.

"வயிறு முட்டத் தின்னுட்டுப் பசிக்குதுங்குது மேடம்."

ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கும் மனைவிக்குப் போன் போட்டார்.

"ஃபைல் என்ன அளவு?" என்றாள்.

"எப்பவும் லீகல்தான்."

"ட்ரேல?"

பார்த்தார். ஏ‑ஃபோர். லீகலைவிடக் குட்டை. இனிமேல் அலுவலகத்தில் ஏ‑ஃபோர் மட்டுமே என்ற சுற்றறிக்கை போன வாரம் வந்தது. தட்டச்சு செய்தவர் இவரேதான். படிப்பது வேறு டிபார்ட்மெண்ட்.

அளவை மாற்றினார். அவ்வளவுதான், தட்டிய என்டரெல்லாம் பழிவாங்கக் கிளம்பின. தலைப்புகள் பக்கத்தின் நடுவே வந்து உட்கார்ந்தன. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கான இடம் மட்டும் அநாதையாக நின்றது. அப்படிப்பட்ட பக்கத்தை நீதிமன்றத்தில் வாங்கமாட்டார்கள்.

"எத்தனை என்டர் தட்டினீங்க?" போனிலேயே இருந்த மனைவி கேட்டாள்.

"அதெல்லாம் யாரு எண்ணினா?"

"பேஜ் பிரேக் போடுங்க, ஒரே தட்டுல அடுத்த பக்கம் போயிடும்னு கல்யாணம் ஆனதுலேர்ந்து சொல்றேன்."

"இப்ப ஒவ்வொண்ணா அழிச்சா பொழுது விடிஞ்சிடும்டி. லீகல் பேப்பருக்கு எங்க போவேன்? கடைக்காரன் விக்கிறதையே விட்டுட்டான்."

பெஞ்சிலிருந்து தையல்காரர் தொண்டையைச் செருமினார். "சார், மேசைமேல இருக்கிற கட்டைவிட நீங்க உக்காந்திருக்கிற கட்டு ரெண்டேகால் இஞ்சு நீளமா இருக்கே?"

மார்ஜின் குனிந்து பார்த்தார். லீகல். ஆறு வருஷமாக அவரைத் தாங்கிய லீகல்.

"என்ன, பேப்பர் எங்கயாவது இருக்கா?" என்றது போன்.

"உக்காந்திருந்தேன். எந்திரிச்சிட்டேன்" என்று வைத்துவிட்டார்.

ஃபைலைப் பழைய அளவுக்கே கொண்டுவந்தார். கட்டைப் பிரித்து ட்ரேயில் வைத்தார். மூன்று பிரதிகளும் ஓரம் பிசகாமல், லேசான உடம்புச் சூட்டோடு வெளியே வந்தன. நாலு ஐம்பதுக்கு மனுவில் முத்திரை விழுந்தது. மிச்சக் காகிதத்தை வக்கீலம்மா பீரோவில் வைத்துப் பூட்டிவிட, மார்ஜின் ஒரு வாரம் தோளைத் தூக்கித் தூக்கித் தட்டினார்.

அடுத்த வாரம் தையல்காரர் ஒரு மெத்தையோடு வந்தார். சரியாக இரண்டு கட்டு உயரம். கண்ணாலேயே அளந்து தைத்தது.

மார்ஜின் ஏறி உட்கார்ந்து பார்த்தார். "காகிதம் மாதிரி வராது."

"அமுங்கிப் போச்சுன்னா கொண்டாங்க சார். கடை அங்கேயேதான் இருக்கு."