என் பெயரில் பள்ளிக்கூடம் போனவள்

நான் இப்போது இருக்கும் மெல்போர்னில், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஒரு பெரியவர் தினமும் எனக்காகக் கார்களை நிறுத்துகிறார். மஞ்சள் கோட்டு, தொப்பி, நீளக் கம்பின் நுனியில் 'ஸ்டாப்' என்று எழுதிய வட்டப் பலகை. பேத்தி தியாவை அழைத்துப்போக வரும் நான், பள்ளி வாசலுக்கு எதிர்ச்சாரியில் ஒரு மரத்தடியில் நிற்பேன். என்னைக் கண்டதும் அவர் நடுரோட்டுக்கு வந்து பலகையைத் தூக்குவார். இரண்டு பக்கமும் கார்கள் நிற்கும். "கம், டார்லிங்" என்பார். எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் தலையை ஆட்டிச் சிரிப்பேன். நம் ஊர்த் தலையாட்டல் அவருக்கு விளங்காது. வருகிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார். கார்க்காரர்கள் ஒருவரும் ஹாரன் அடிப்பதில்லை. அதுதான் எனக்கு இன்னும் கூச்சம். கடைசியில் பலகையைத் தாழ்த்திக்கொண்டு போய்விடுவார். பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச்சாரியில் நிற்பது கோயமுத்தூரில் பன்னிரண்டு வருடம் ஊறிய பழக்கம். அதை அவருக்கு எப்படிச் சொல்வது?

தியாவைச் சேர்த்திருப்பது அரசாங்கப் பள்ளி. என் மகன் கார்த்திக்கு நல்ல வேலை, பெரிய வீடு. அப்படியிருந்தும் அங்கேதான் சேர்த்தான். சேர்க்கும்போது கேட்டேன்.

"ஏங்கண்ணு, பிரைவேட்ல சேர்க்கலயா?"

"எதுக்கும்மா? இங்க கவர்மெண்ட் ஸ்கூலே நல்லா இருக்குது. ஊட்டுக்குப் பக்கம். நடந்தே போய்ட்டு வந்தரலாம்."

"நம்மூர்லயும் ஊட்டுக்குப் பக்கத்துலதான இருந்துச்சு."

சிரித்தான். "அது வேறம்மா."

வேறுதான். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

தொண்ணூறுகளில் நாங்கள் கணபதியில் குடியிருந்தோம். எங்கள் வீட்டுக்காரர் இரண்டு லேத் போட்டு மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கிணத்துக்கடவுப் பக்கம். அஞ்சாவதோடு நின்றவள். தங்கை கீதா பிறந்தபோது அவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று என்னை நிறுத்திவிட்டார்கள். நான் தூக்கி வளர்த்த கீதா பி.ஏ. முடித்துப் பீளமேட்டில் ஒரு ஆபீசில் வேலைக்குப் போனாள்.

கார்த்திக்கு நாலரை வயதில் தெருமுனை கார்ப்பரேஷன் பள்ளிக்கு நானே அவனைக் கூட்டிப் போனேன். தலைமை ஆசிரியை காலண்டர் தாளைக் கிழித்து நீட்டினார். அவன் 'சுப முகூர்த்தம்' வரைக்கும் எழுத்துக்கூட்டி வாசித்தான். "ஆரும்மா சொல்லிக் குடுத்தது?" என்றார். நான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். "நாளைக்கே கூட்டிட்டு வாங்க" என்றார். அந்தச் சந்தோஷத்தில் வழியிலேயே அவனுக்கு ஒரு சிலேட்டும் வாங்கினேன்.

எங்கள் வீட்டுக்காரர் சிலேட்டைப் பார்த்தார். கோபப்படவில்லை. "இங்க பாரு அம்மணி, நாந்தான் எண்ணெய்க் கையோட கெடக்கறேன். அவனாவது இங்கிலீஷ்ல பேசட்டும்" என்றார். அவர் மனதில் வைத்திருந்த பள்ளியில் அப்பா, அம்மா இருவரையும் உட்கார வைத்து இங்கிலீஷில் கேள்வி கேட்பார்கள். பக்கத்துப் பட்டறைக்காரர் மகனுக்கு, அம்மா வாயே திறக்கவில்லை என்று இடம் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். அதனால் என் இடத்தில் கீதா போய் உட்காருவது என்று முடிவாயிற்று. பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் மயிலாத்தாள். ஆகவே கீதா மயிலாத்தாளாகப் போக வேண்டும்.

"அக்கா, இந்தப் பேர வெச்சுக்கிட்டு பி.ஏ.ன்னா எவன் நம்புவான்?" என்று கீதா விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமா, இன்னைக்கு ஒரு நாளைக்கு நாந்தான் உங்க ஊட்டுக்காரி. பூ வாங்கிக் குடுத்துக் கூட்டிட்டுப் போங்க!"

"வாயப் பாரு இவளுக்கு" என்று அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். என் கல்யாணப் பட்டுச் சேலையை எடுத்து மடிப்பு வைத்து அவளுக்குக் கட்டிவிட்டவளும் நான்தான்.

ஒரு நாள் கூத்து என்றுதான் நினைத்தோம். இடம் கிடைத்த பிறகுதான் புரிந்தது. பெற்றோர் கூட்டம் என்றால் கீதா. ஆண்டு விழா என்றால் கீதா. மதிப்பெண் அட்டையில் என் பெயரை இங்கிலீஷில் சுழித்துக் கையெழுத்துப் போடுவதும் கீதா. நான் காலையிலும் சாயங்காலமும் எதிர்ச்சாரி மளிகைக் கடை ஓரம் நிற்பேன். யாராவது கேட்டால் என்னைப் பெரியம்மா என்று சொல்ல வேண்டும் என்று கார்த்திக்குப் பழக்கினோம். பழக்கியதும் நான்தான். "ஸ்கூல்ல மிஸ் கேட்டா நான் ஆரு?" என்பேன். "பெரியம்மா" என்றால் ஒரு கமர்கட்டு. "அம்மா" என்றுவிட்டால் கமர்கட்டை டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுவேன். நான்கே நாளில் தேறிவிட்டான். கெட்டிக்காரப் பிள்ளை.

கார்த்தி ரெண்டாவது படிக்கும்போது ஒரு நாள் பட்டறைப் பையன் ஓடிவந்தான். கார்த்தி விளையாட்டில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டானாம், பள்ளியிலிருந்து போன் வந்ததாம். எங்கள் வீட்டுக்காரர் சரக்கு கொண்டு ஈரோடு போயிருந்தார். நான் போட்டிருந்த சேலையோடு ஓடினேன். ஆபீஸ் அறை பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். வீங்கின கையை ஒரு ஸ்கேலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

"நீங்க யாரு?" என்று கேட்ட மிஸ் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவனிடமே திரும்பி, "கார்த்திக், ஹூ இஸ் திஸ்?" என்றார்.

அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் நிறைந்து நின்றது. "பெரியம்மா, மிஸ்" என்றான்.

"பேரண்ட்ஸ் கிட்டத்தான் அனுப்புவோம்மா. அவங்க அம்மாவ வரச் சொல்லுங்க."

நான்தான் அவன் அம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் பொய் வெளியாகும், அவனை அனுப்பிவிடுவார்கள், எங்கள் வீட்டுக்காரர் ஆசையில் மண் விழும். விழுங்கினேன். "இருங்க கண்ணு, வாரேன்" என்று பெற்ற பிள்ளையிடம் யாரோ வீட்டுப் பிள்ளையிடம் போல மரியாதையாகச் சொல்லிவிட்டு, அவனுடைய அம்மாவைக் கூட்டிவரப் போனேன். பீளமேட்டுக்கு இரண்டு பஸ். கீதா அழுதுகொண்டே வந்தாள். "பெத்தவங்க இவ்வளவு நேரமா வர்றது, மேடம்?" என்று மிஸ் அவளைக் கடிந்துகொண்டார். கீதா தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். எனக்கு அந்த ஏச்சு வாங்கவும் கொடுத்து வைக்கவில்லை.

அந்தப் பள்ளியில் படித்ததால்தான் அவன் வெளிநாடு வந்தான் என்று எங்கள் வீட்டுக்காரர் சாகும்வரை சொன்னார். இருக்கலாம். எங்கள் லேத்தில் வேலை பார்த்த ராமசாமியின் மகன் அந்தத் தெருமுனை கார்ப்பரேஷன் பள்ளியில் படித்தவன். இங்கே எங்களுக்கு இரண்டு ரயில் ஸ்டேஷன் தள்ளித்தான் குடியிருக்கிறான். ஊரில் இதைப் படிக்கிற தாய்மாருக்கு எந்தப் பள்ளி நல்லது என்று சொல்ல எனக்குத் தெரியாது. வாசலுக்கு உள்ளே உங்களை விடுகிற பள்ளியா என்று மட்டும் பாருங்கள். கார்த்தியிடம் அந்த நாளைப் பற்றி நான் கேட்டதில்லை. கை ஒடிந்தது ஞாபகம் இருக்கிறது என்கிறான். மற்றதை அவனும் சொன்னதில்லை.

போன வாரம் வாசலில் ஒரு புது டீச்சர் நின்றார். சாலைக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைக் கைகாட்டி தியாவிடம் ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று எனக்குக் காதில் விழ வேண்டியதில்லை. அந்தக் கை நீட்டலை எனக்குத் தெரியும். தியா தெருவுக்கே கேட்கும்படி, "மை அப்பத்தா!" என்று கத்தினாள். அவளுக்கு யாரும் கமர்கட்டுக் கொடுத்துப் பழக்கியிருக்கவில்லை.

பெரியவர் பலகையைத் தூக்கினார். கார்கள் நின்றன. அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சாலையில் கால் வைத்தேன். நடுவரை போய்விட்டேன். எதிரே டீச்சர் சிரித்துக்கொண்டே கை நீட்டியபடி வந்தார். நீங்கள் யார் என்று அவர் கேட்டால் என் வாயிலிருந்து என்ன வரும் என்று நினைத்தேன். நாக்கில் 'பெரியம்மா' என்ற வார்த்தைதான் வந்து நின்றது. கால் அதற்குமேல் நகரவில்லை. தியா ஓடிவந்து என் கையைப் பிடித்து, மெதுவாக மரத்தடிக்கே திருப்பிக் கூட்டி வந்தாள். நடுரோட்டில் நான் நின்ற இடத்திலிருந்து பள்ளிக்கூட வாசலுக்குப் பத்தடிதான் இருந்தது.