பூச்சி தின்ற காகிதம்

தேஹு ரோடு வீட்டைக் காலி செய்தபோது, தாத்தா எழுதிவைத்திருந்த காகிதக் கட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட அண்ணன் கிளம்பிவிட்டான். நான் பிடுங்கிக்கொண்டு புனேயிலுள்ள ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன்.

அங்கிருந்த அதிகாரி நெடுநெடுவென்று உயரம். இந்தியும் தமிழும் கலந்து பேசினார். எந்தக் கட்டைப் பிரித்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார். எங்கள் கட்டையும் முகர்ந்துவிட்டுப் பிரித்தார். காகிதமெல்லாம் ஓட்டை. எனக்கு வெட்கமாகிவிட்டது.

“பூச்சி அரிச்சிருக்கு சார். எடுத்துக்குவீங்களா?”

“அரே, நல்ல காகிதத்தைத்தாம்மா பூச்சி தேடித் தேடிச் சாப்பிடும். உங்க தாத்தா சஸ்தா மால், மலிவுச் சரக்கெல்லாம் வாங்கல. ஏக்தம் ராஜா மாதிரி எழுதியிருக்கார்!” என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டார்.

வீடு திரும்பும் வரை நானும் ராஜா வீட்டுப் பெண்ணாகத்தான் நடந்தேன். அவர் சொன்னது உண்மையா, வெறும் ஆறுதலா? யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்தான். எனக்குத்தான் கேட்க மனமில்லை.